மாடிக்கு இறங்கும் வழி

தன் சொந்த வீட்டு மொட்டைமாடியில் நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கிச் சோம்பல் முறிக்க ஒரு மனிதனுக்குச் சட்டப்படி உரிமை உண்டா என்ற கேள்வி நம்மில் பெரும்பாலோருக்கு வந்திருக்காது. தையல்காரருக்கும் வந்ததில்லை. பத்திரம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. வரி ரசீது ஆணியில் தொங்கியது. நாலு சுவருக்குள் இருப்பது தன்னுடையது, மொட்டைமாடியும் தன்னுடையது, அதற்கு மேலே இருப்பது யாருடையதோ இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்து அவர் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தார்.

மேலே ஒரு மின்கம்பி போயிற்று. தெருவின் இந்த முனைக் கம்பத்தில் புறப்பட்டு, ஒரு வரிசை வீடுகளின் தலைக்கு மேலாகவே நடந்து, அந்த முனைக் கம்பத்தில் போய் நின்றது. அதில் காக்கை உட்காரும். சில நாள் நூல் அறுந்த காற்றாடி மாட்டிக்கொண்டு ஆடும். இதைத் தவிர அந்தக் கம்பிக்கும் தையல்காரருக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை.

அப்படி இருந்தவருக்கு ஒரு அறை தேவைப்பட்டது. அவருக்கு ஒரே மகள். மருமகன் ஒரு பேக்கரியில் மாஸ்டர். ஊர் தூங்கும்போது ரொட்டி சுட்டு, ஊர் விழிக்கும்போது தூங்கப் போகிறவர். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ரயிலில் ஒரு முழு நாள் போனால் வருகிற ஒரு பெரிய நகரத்தில், மருமகனுக்கு வேலையும் வீடும் தருவதாக ஒரு முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இங்கயே ஒரு ரூம் இருந்தா நாங்க எங்கயும் போக மாட்டோம்" என்றாள் மகள். மடியில் பேத்தி. தையல் மிஷின் சத்தம் கேட்டால்தான் அந்தக் குழந்தை தூங்கும். அது தூங்க வேண்டும் என்பதற்காகவே, ஊசியில் நூல் இல்லாமல் வெறும் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பார் தையல்காரர். அந்தக் குழந்தை ரயிலேறிப் போவதை அவர் விடுவதாக இல்லை.

முன்னறையில் மிஷினும் துணியும். பின்னால் சமையலறை. நடுவில் இருந்த ஒரே அறையில் கட்டிலும் பீரோவும். கீழே இனி ஒரு தொட்டில்கூடப் போட முடியாது. மேலேதான் கட்ட வேண்டும். கொத்தனாரைக் கூப்பிட்டார். கொத்தனார் மொட்டைமாடிக்கு ஏறினார், அண்ணாந்து பார்த்தார், உடனே இறங்கிவிட்டார்.

"கரண்ட் ஆபீஸ்ல ஆட்சேபணை இல்லைன்னு ஒரு பேப்பர் வாங்கிட்டு வாங்க. அப்புறம் கரண்டியை எடுக்கறேன்."

மின்சார ஆபீசில் இதற்கென்றே 'வழியுரிமைப் பிரிவு' என்று ஒரு அறை இருந்தது. சுவரில் ஊரின் வரைபடம். அதில் கம்பிகள் எல்லாம் சிவப்புக் கோடுகளாக ஓடின. வீடு ஒன்றுகூட இல்லை. வீடு எங்கே என்று கேட்டவர்களுக்கு, "வீடு இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும்; கம்பிதான் நிரந்தரம்" என்று பதில் கிடைத்தது. சொன்னவர் அந்தப் பிரிவின் அதிகாரி. மெலிந்த, மரியாதையான மனிதர். யார் என்ன கேட்டாலும் முதலில் "தாராளமா" என்பார். மறுப்பு அதற்குப் பிறகுதான் வரும். அதனால் ஊரில் அவரைத் தாராளம் சார் என்றே சொன்னார்கள்.

"சார், மொட்டைமாடியில ஒரு ரூம் கட்டணும்" என்றார் தையல்காரர்.

"தாராளமா கட்டுங்க."

தையல்காரர் நன்றி சொல்லி எழுந்துவிட்டார்.

"உக்காருங்க, உக்காருங்க. அந்த இடம் யாருதுன்னு பார்க்க வேண்டாமா?"

"என்னுதுதான் சார். பத்திரம் இருக்கு."

"பத்திரத்துல என்னென்ன எழுதியிருக்கு?"

"மனை, வீடு, சுற்றுச்சுவர், வாசக்கதவு, பின்பக்கத்துல ஒரு குழாய்."

"வானம்?"

தையல்காரர் யோசித்தார். "வானத்தை யாரு சார் பத்திரத்துல எழுதுவாங்க?"

"நாங்க எழுதியிருக்கோம்" என்றார் தாராளம் சார், தன்மையாக. "கம்பிக்குக் கீழேயும் ரெண்டு பக்கமும் கொஞ்ச தூரத்துக்கு வழியுரிமை எங்களுது. மண்ணு உங்களுதுதான், அதுல சந்தேகமே இல்லை. நீங்க பெருக்கலாம், தண்ணி தெளிக்கலாம், வரி கட்டலாம், வித்துடக்கூடச் செய்யலாம். எதையும் மேல எழுப்பக் கூடாது, அவ்வளவுதான்."

"அப்போ அது எந்த விதத்துல சார் என்னுது?"

"வரி கட்ட ஒரு ஆள் வேணும் இல்லையா?"

இருந்தாலும் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். சொன்னபடி வந்தார். கூடவே ஒரு லைன்மேன், கையில் ஒரு நீளக் கழி. அளக்கும் டேப்பை ஆபீசிலேயே மறந்துவிட்டதால் தையல்காரரின் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கழியை நிறுத்தி அளந்தார்கள். பிறகு தையல்காரரை நிறுத்தி அளந்தார்கள். வீட்டில் எல்லாரையும்விட உயரம் யார் என்று கேட்டு, மருமகன் என்று தெரிந்ததும் தாராளம் சார் முகம் சுளித்தார்.

"அவரை இங்க நிக்கவிடாதீங்க. உட்காரச் சொல்லுங்க."

தையல்காரர் கம்பியைத் தொழில் கண்ணோடு பார்த்தார். "சார், கம்பி தொளதொளன்னு தொங்குதே? கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா எனக்கு ரூம் வந்துடும் போல இருக்கே."

"இழுக்கக் கூடாது. வெயில்ல நீளும், குளிர்ல சுருங்கும். அதுக்காகத்தான் விட்டு வச்சிருக்கோம்."

"சட்டைக்கு லூஸ் விடற மாதிரி."

"கரெக்ட். தொழில் தெரிஞ்சவர்கிட்ட பேசினா இதான் நிம்மதி. அது மட்டும் இல்ல, காத்துல கம்பி ரெண்டு பக்கமும் ஆடும். ஆடற இடமும் எங்களுது."

"காத்து அடிக்காதப்போ?"

"அடிக்கலாம்னு ஒரு வாய்ப்பு இருக்கு இல்லையா? அந்த வாய்ப்பும் எங்களுது."

இதற்குள் தையல்காரரின் மனைவி ஒரு வாளி ஈரத்துணியோடு மேலே வந்தாள். வழக்கம்போலக் கையைத் தூக்கிக் கொடியில் ஒரு போர்வையை வீசினாள். லைன்மேன் "ஐயோ" என்று கத்தியதில் போர்வை கீழே விழுந்தது.

"அம்மா, இந்தக் கொடியே விதிமீறல்" என்றார் தாராளம் சார். "இருந்தாலும் பரவாயில்லை, இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டிக்குங்க. கையை மட்டும் தூக்காதீங்க."

"கையைத் தூக்காம எப்படிங்க துணி காயப்போடறது?"

"உக்காந்துக்கிட்டு போடலாமே. யார் வேணாம்னாங்க?"

அன்றிலிருந்து அவள் தன் வீட்டு மாடியில் குந்தியபடியே துணி உலர்த்தினாள். ஒவ்வொரு உதறலுக்கும் கம்பியைத் திட்டினாள். அந்த வசவும் வழியுரிமைக்குள் வருகிறதா என்று நல்லவேளையாக யாரும் ஆராயவில்லை.

தையல்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. மகளைப் பற்றிச் சொன்னார், பேத்தியைப் பற்றிச் சொன்னார், ரயிலைப் பற்றிச் சொன்னார். தாராளம் சார் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. கைப்பிடிச்சுவரில் விதிப்புத்தகத்தை விரித்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். வெகுநேரம் கழித்து அவர் முகம் மலர்ந்தது.

"உங்க விண்ணப்பத்துல என்ன கேட்டிருக்கீங்க? கூடுதலா ஒரு தளம். விதி என்ன சொல்லுது? கம்பிக்கும் கட்டடத்துக்கும் நடுவுல இருக்கற தூரம் குறையக் கூடாது. அவ்வளவுதான். தளம் எந்தப் பக்கமாப் போகணும்னு விதியில ஒரு வார்த்தைகூட இல்லை."

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். தையல்காரரும் தரையைப் பார்த்தார். குந்தியிருந்த மனைவி ஏற்கெனவே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில நாளில் உத்தரவு வந்தது. 'மேற்படி விண்ணப்பதாரர் தமது இல்லத்தில் கீழ்நோக்கு மாடி ஒன்றினை அமைத்துக்கொள்வதில், மேற்படி மாடி எக்காலத்தும் எக்காரணம் கொண்டும் மேல்நோக்கி வளராது என்ற உறுதிமொழிக்கு உட்பட்டு, இத்துறைக்கு ஆட்சேபணை ஏதுமில்லை.'

கொத்தனார் அதை இரண்டு தடவை படித்தார். "மாடின்னு சொன்னீங்க."

"மாடிதான்."

"குழி தோண்டச் சொல்றீங்க."

"அரசாங்கமே மாடின்னு எழுதிக் கொடுத்திருக்கு. நீ யாரு குழின்னு சொல்றதுக்கு?"

"சரிங்க. படிக்கட்டு ஏறணுமா, இறங்கணுமா? அதையாவது சொல்லுங்க."

நடு அறையில் கட்டிலை நகர்த்திவிட்டுத் தோண்டினார்கள். கீழே ஒரு நல்ல அறை உருவாயிற்று. கல் சுவர், சிமெண்ட் தரை, காற்றுக்குப் பின்பக்கமாக ஒரு குழாய். மகளும் மருமகனும் குழந்தையோடு வந்து இறங்கினார்கள். உள்ளபடியே இறங்கினார்கள். பகலில் தூங்குகிற மருமகனுக்கு அந்த இருட்டு அமிர்தமாக இருந்தது. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மேலே மிஷினை மிதித்தால் கீழே குழந்தை தூங்கியது. தையல்காரருக்கு வேறு என்ன வேண்டும்? தாராளம் சாருக்கு ஒரு முழுக்கைச் சட்டையை இலவசமாகத் தைத்துக் கொடுத்தார்.

விஷயம் இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்தவன் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு தெரு எத்தனை நாள் சும்மா இருக்கும்?

முதலில் வந்தவர் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர். தையல்காரருக்கு அவர் நெருக்கமான சிநேகிதர். இருவரும் ஒரே பேப்பரை வாங்கி, ஆளுக்குப் பாதியாகப் படிப்பவர்கள். அவருடைய அக்கா நோயாளி, வெயில் தாங்காது. கீழே இறங்கிப் பார்த்தவர் மேலே வரவே மனமில்லாமல் வந்தார். "எங்க அக்காவுக்கு இது மாதிரி ஒண்ணு இருந்தா இன்னும் பத்து வருஷம் இருப்பா" என்றார். அவர் தேவைக்காகக் கேட்டார், அதில் தப்பில்லை.

அடுத்து வந்தவர் தெருமுனை மூணுமாடிக்காரர். பெயருக்கேற்ப அவருக்கு மூன்று மாடி இருந்தது, மூன்றும் மேலே. ஊரில் எது புதிதாக வந்தாலும் அது தன் வீட்டுக்கு முதலில் வரவில்லையென்றால் அவருக்குச் சோறு இறங்காது. தையல்காரர் வீட்டில் இறங்கிப் பார்த்து, சுவரைத் தடவிப் பார்த்து, "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு நேராக வழியுரிமைப் பிரிவுக்குப் போனார்.

"கீழ்நோக்கு மாடி வேணும்."

"தாராளமா. ஆனா அது கம்பிக்குக் கீழ இருக்கற வீட்டுக்குத்தான். உங்க வீட்டு மேல கம்பி இல்லையே?"

"இல்லைன்னா கொண்டாங்க."

தாராளம் சாரின் உத்தியோக வாழ்க்கையில் கம்பியை நகர்த்துங்கள் என்று அழுதவர்கள் உண்டு. என் தலைமேல் போடுங்கள் என்று கேட்டவர் இவர்தான் முதல். அவருக்குக் கண் கலங்கியது. ஒரு கம்பத்தை இடம் மாற்றி நட்டார்கள். கம்பி தெருவைத் தாண்டி மூணுமாடிக்காரர் வீட்டு மேல் போய்த் திரும்பி வந்தது. கம்பி வருவதற்கு இடைஞ்சலாக இருந்த மூன்றாவது மாடியை அவரே இடித்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா! மருந்துக்கடைக்காரர், டியூஷன் டீச்சர், போட்டோ ஸ்டுடியோக்காரர், பல் டாக்டர் என்று ஒவ்வொருவராக மனுப் போட்டார்கள். நேராக ஓடிய கம்பி, ஓட்டுத்தையல் போட்டது மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தெருவைக் கோத்துக்கொண்டு ஓடியது. தலைக்கு மேல் கம்பி இல்லாத வீட்டைப் பார்த்து, "பாவம், இன்னும் வரலையா?" என்று விசாரித்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள், "கீழ எத்தனை மாடி?" என்று கேட்டார்கள். விருந்தாளிகளை "மாடிக்கு இறங்கி வாங்களேன்" என்று உபசரித்தார்கள். வீட்டு அலங்காரம் செய்கிற ஒருவர் ஊருக்குள் வந்து, மண்சுவரில் ஜன்னல் சட்டம் பதித்து, அதற்குள் நீலமாக வானத்தை வரைந்து கொடுத்தார். அந்த வானத்துக்குத் திரைச்சீலை வேண்டும் என்று எல்லாரும் தையல்காரரிடம்தான் வந்தார்கள். கண்கூசும் வெளிச்சம் வருகிற மாதிரி, பட்டப்பகலில் அந்தத் திரையை இழுத்து மூடிக்கொண்டவர்களும் உண்டு.

காலை, பகல், மாலை எல்லா நேரமும் கீழே விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது. மின்சார ஆபீஸ் இதைக் கவனித்தது. தாராளம் சாருக்குப் பதவி உயர்வு வந்தது.

தெருவுக்கு ஒரு சங்கமும் வந்தது. தலைவர் மூணுமாடிக்காரர். (இரண்டு மாடியாகிவிட்ட பிறகும் பெயர் அப்படியே நின்றுவிட்டது.) செயலாளர் மருந்துக்கடைக்காரர். மூத்த குடிமாடிக்காரர் என்ற முறையில் தையல்காரருக்கு மேடையில் ஒரு நாற்காலி. அழகெல்லாம் கீழே போய்விட்டதால் மேலே இருப்பது எல்லார் கண்ணையும் உறுத்தத் தொடங்கியிருந்தது.

"வாசல்ல நின்னு ஒரு போட்டோ எடுக்க முடியலை. எங்க திரும்பினாலும் கம்பி" என்றார் போட்டோ ஸ்டுடியோக்காரர்.

"பெரிய இடங்கள்ல எல்லாம் இதை இப்படித் தொங்கவிடறதில்லை. மண்ணுக்கடியில கேபிளாப் போட்டுடறாங்க. நானே கண்ணால பார்த்தேன்" என்றார் தலைவர். "நாமளே கீழ இறங்கிட்டோம். கம்பி மட்டும் என்ன மேல உக்காந்து வேடிக்கை பார்க்கறது?"

பலத்த கைதட்டல். தையல்காரருக்கு உள்ளூர ஒரு பழி தீர்க்கும் சந்தோஷம். அந்தக் கம்பி போனால் மனைவி நிமிர்ந்து நிற்பாள். மேலேயும் ஒரு அறை கட்டலாம், பேத்தி வளர்ந்ததும் அவளுக்கு. 'மேற்படி கம்பியை அகற்றி மண்ணுக்கடியில் கேபிளாகப் பதிக்குமாறு' என்று மனு எழுதினார்கள். முதல் கையெழுத்தை எழுந்து நின்று போட்டார் தையல்காரர்.

வழக்கமாக மனு போட்டால் பதில் வருவதற்குள் கேட்டவருக்கு நரை வந்துவிடும். இந்த மனுவுக்கு உடனே அனுமதி வந்தது. தாராளம் சார் ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு அவரே வந்தார். லைன்மேன் சுண்ணாம்புப் பொடி வாளியோடு பின்னால் வந்தான்.

"பொதுமக்கள் விருப்பப்படி கம்பி போகிறது. கேபிள் வருகிறது. எங்கெல்லாம் மேலே வழியுரிமை இருந்ததோ, அங்கெல்லாம் கீழேயும் அந்த உரிமை இறங்குகிறது. ஆகவே கம்பிக்கு நேர் கீழே மண்ணுக்குள் இருக்கும் கட்டுமானங்களைக் காலி செய்து, மண்ணால் நிரப்பித் தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

கம்பிக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரு யோசித்தது. எல்லாருடைய மாடியும் அங்கேதான் இருந்தது. மூணுமாடிக்காரர் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சார், இது அநியாயம்! கேபிளைத் தெருவோட நடுவுல போட வேண்டியதுதானே?" என்று கத்தினார் தையல்காரர்.

"தெரு நகராட்சியோடது. அங்க எங்களுக்கு உரிமை இல்லை. உரிமை இருக்கற இடத்துலதானே போக முடியும்? நீங்களே விரும்பிக் கூப்பிட்ட இடம் வேற."

"நாங்க ஆட்சேபணை சொன்னா?"

"தாராளமா சொல்லலாம்" என்றார் தாராளம் சார். இந்த முறை உண்மையாகவே சொன்னார். "சட்டத்துல இடம் இருக்கு. தெரு மொத்தமும் சேர்ந்து ஒரே தாள்ல 'வேண்டாம்'னு எழுதிக் கொடுத்தா திட்டம் அங்கேயே நின்னுடும். கம்பி மேலேயே இருக்கும், நீங்க கீழேயே இருக்கலாம்."

தெருவே மூச்சு விட்டது. சிலர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தாராளம் சார் ஜீப்பில் ஏறப் போனவர், ஒரு காலை உள்ளே வைத்தபடி திரும்பினார்.

"இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். கேபிளுக்கு ஒரு பக்கம் போதும். இந்த வரிசையோ, அந்த வரிசையோ. எதுன்னு இன்னும் நாங்க முடிவு பண்ணலை."

ஜீப் போய்விட்டது. தெருவில் நின்றவர்கள் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"அதெல்லாம் சும்மா கிளப்பிவிடறது" என்றார் மருந்துக்கடைக்காரர். "நாம எல்லாரும் ஒரே பேச்சா நிப்போம். தாளை நான் எழுதி வைக்கறேன். நாளைக்கு காலையில சேர்ந்தே போய்க் கொடுத்துடலாம்."

"சேர்ந்தே போகலாம்" என்றார் தையல்காரர். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் வந்தால் மகள் கீழே படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மருமகன் அந்தப் பெரிய நகரத்து முதலாளியின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா அழுவற? தெரு மொத்தமும் வேண்டாம்னு சொன்னா ஒண்ணும் ஆகாது."

"யாராவது ஒருத்தர் சொல்லலைன்னா?" என்றார் மருமகன்.

தையல்காரர் மிஷின்முன் உட்கார்ந்தார். துணி ஓடவில்லை. யாராவது ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால்? ஒரு பக்கம்தானே போதும் என்றார்? எதிர்வரிசையில் போட்டுவிட்டால் இந்த வரிசையில் யாருக்கும் எந்தக் கேடும் இல்லை. பேத்தி இங்கேயே தூங்குவாள். சிநேகிதருடைய அக்கா நினைவுக்கு வந்தாள். அவளுக்கு ஒரு ஏர்கூலர் வாங்கிக்கொள்ளலாம், மருந்துக்கடையில் வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அப்புறம் பக்கத்து வீடுகளுக்குப் பின்வாசல் வழியாகப் போனார். இரண்டு வார்த்தைக்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும், தன் வரிசைக்காரர்கள் கையெழுத்துப் போட்ட தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சந்து வழியாக ஆபீசுக்குப் போனார். வழியுரிமைப் பிரிவில் கொடுத்துவிட்டுப் படியில் இறங்கும்போது, எதிரே மருந்துக்கடைக்காரர் ஏறி வந்துகொண்டிருந்தார்.

"எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா, பில் கட்டலாம்னு" என்றார் தையல்காரர்.

"நானும் பில்தான்."

பில் கட்டும் ஜன்னல் அன்றைக்கு மூடியிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், பார்க்காதது மாதிரி இருந்துவிட்டார்கள். சேர்ந்து போகலாம் என்ற பேச்சை அதன்பின் இருவரும் எடுக்கவில்லை. அன்றைய பேப்பரும் பிரிக்கப்படாமலே கிடந்தது.

உத்தரவைத் தாராளம் சார் தெருவிலேயே நின்று படித்தார். குரல் கணீரென்று இருந்தது.

"'எதிர்வரிசை மண்ணே கேபிளுக்கு மிகவும் உகந்தது என இடப்பக்கத்து வீட்டார் அனைவரும் ஒருமனதாகவும், எதிர்வரிசை மண்ணே மிகவும் உகந்தது என வலப்பக்கத்து வீட்டார் அனைவரும் ஒருமனதாகவும் மனு அளித்துள்ளனர். இரு மனுக்களும் கனிவுடன் பரிசீலிக்கப்பட்டன. தெருவின் இரு பக்கங்களும் உகந்தவையே என்பது பொதுமக்களாலேயே ஐயந்திரிபற நிறுவப்பட்டுவிட்டபடியால், இரு பக்கங்களிலும் கேபிள் பதிக்க இதனால் ஆணையிடப்படுகிறது.'"

படித்து முடித்ததும் இரண்டு வரிசையும் ஒன்றையொன்று பார்த்துக் கத்தின. துரோகி என்ற சொல் இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் கிளம்பியது. மருந்துக்கடைக்காரர் தையல்காரரைப் பார்த்து, "உங்களைப் போய் நம்பினேனே" என்றார். தையல்காரரும் அதையே சொல்ல வந்தார், மூடியிருந்த பில் ஜன்னல் நினைவுக்கு வந்தது.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் ஜீப் பக்கத்தில் போய் நின்றார். "சார், கம்பியைத்தான் எடுத்துடறீங்களே. மேலயாவது ஒரு ரூம் கட்டிக்கட்டுமா?"

"தாராளமா" என்று தொடங்கினார் தாராளம் சார். தையல்காரர் இந்தத் தடவை நன்றி சொல்லவில்லை, மீதிக்காகக் காத்திருந்தார். "ஆனா, மேல இருக்கற வழியுரிமை அப்படியேதான் இருக்கு. உங்க மனுவுல கம்பியை எடுக்கச் சொல்லியிருக்கீங்க. உரிமையை எடுக்கச் சொல்லலையே?"

"அப்போ மேலயும் உங்களுது, கீழயும் உங்களுது."

"நடுவுல உங்களுதுதான். அதுல நாங்க தலையிடவே மாட்டோம்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க வந்த அன்னிக்குப் பூரா நான் டீ குடிக்கக்கூட எழுந்திருக்கலை. வேண்டாம்னு ஒரு தாள் வரும், ஃபைலை மூடிட்டு வீட்டுக்குப் போகலாம்னு உக்காந்திருந்தேன். எனக்கும் ரெண்டு பக்கமும் தோண்டறது வேலைதானே?"

தோண்டும் மெஷின் வந்த காலையில், மருமகன் பிடித்த வண்டியும் வந்து நின்றது. கட்டிலும் தொட்டிலும் பாத்திர மூட்டையும் ஒவ்வொன்றாகப் படியேறி வந்து வண்டிக்குள் போயின. அதே நேரம் ஒலிபெருக்கி ஒரு சலுகையை அறிவித்தது. குழிகளை நிரப்பத் துறையே இலவசமாக மண் தரும். முதலில் வருபவர்க்கு முன்னுரிமை. இருப்பு உள்ளவரை மட்டுமே. கிடைக்காதவர்கள் சொந்தச் செலவில் நிரப்ப வேண்டும்.

ஒலிபெருக்கி ஓய்வதற்குள் வரிசை நின்றுவிட்டது. இடப்பக்கமும் வலப்பக்கமும் பேசாமல் முறைத்துக்கொண்டு ஒரே வரிசையில் நின்றார்கள். மூணுமாடிக்காரருக்கும் டியூஷன் டீச்சருக்கும் யார் முன்னால் என்று தகராறு. தையல்காரர் சுறுசுறுப்பானவர், முன்பக்கமாகவே இடம் பிடித்துவிட்டார். அவருக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர்.

"எந்த ஊர் மண்ணுப்பா? நல்ல மண்ணா?" என்று யாரோ லைன்மேனைக் கேட்டார்கள்.

"நல்ல மண்ணுதான். நீங்க தோண்டி, லாரிக்குக் காசு கொடுத்து வெளிய அனுப்பினீங்களே, அதுதான். எல்லாத்தையும் எங்க ஆபீஸ் பின்னாடிதான் கொட்டியிருந்தாங்க."

வரிசையை விட்டு யாரும் விலகவில்லை. இன்னும் கொஞ்சம் நெருக்கமாக நின்றுகொண்டார்கள்.

மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அப்பா, வண்டி கிளம்புது. ரயிலுக்கு நேரமாச்சு. வந்து ஒரு தடவை குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிட்டுப் போங்கப்பா."

"இரு கண்ணு. முன்னாடி கொஞ்ச பேர்தான் இருக்காங்க."

"அம்மா வண்டிகிட்ட நிக்கறாங்க. அவர் கூப்பிடறார்."

தையல்காரர் வண்டியைப் பார்த்தார், மண் குவியலைப் பார்த்தார். குவியல் கண்ணெதிரே குறைந்துகொண்டிருந்தது. திரும்பி மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க" என்றார் மருந்துக்கடைக்காரர், உத்தரவு வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வாய் திறந்து. "உங்க இடத்தை நான் பாத்துக்கறேன்."

சேர்ந்தே போகலாம் என்று கையைப் பிடித்துக்கொண்ட அன்றைக்கு இருந்த அதே அன்பான குரல்தான். தையல்காரர் அந்தக் குரலை நன்றாகக் கேட்டுக்கொண்டார். அங்கிருந்தே கையை நீட்டிப் பேத்தியின் பாதத்தைத் தொட்டார். "போயிட்டு போன் பண்ணும்மா" என்றார். மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள், பிறகு போய்விட்டாள்.

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது. அவரும் நகர்ந்தார்.